எந்த மாடியில் நின்றது

ஆகஸ்ட் 3

என் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் ஐந்தாவது மாடிக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. நீ நலமா? அந்த இருமல் போனதா? நேரத்துக்குத் தூங்குகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நமக்குள் என்ன நடக்கிறது? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "வேற?" "வேற ஒண்ணுமில்ல." உடனே அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் நழுவிவிடுகிறேன். தாளை எடுத்தால் அதை நிரப்பியாக வேண்டுமே என்று ஒரு பயம் வருகிறது. அந்தப் பயத்தில் ஏதாவது உண்மை வெளியே வரும்.

முதல் பருவத்தில் கணிதத்தில் இருபத்தேழு வாங்கினாய். அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டு தடவை எழுதியவன் நான். முதல் தடவை பத்தொன்பது. அப்படிப் பார்த்தால் நம் குடும்பம் முன்னேறித்தான் இருக்கிறது. ஆனால் டிசம்பர் மறுதேர்விலும் தவறினால் துறையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிறாள்.

உங்கள் கல்லூரியில் மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அறை ஒன்று இருப்பதாகச் சொன்னாயே, அதைப் பற்றி விவரமாக எழுது. எதிரெதிரே உட்காருவீர்களா, பக்கத்திலா? போனதும் முதலில் என்ன கேட்பார்கள்? எங்கள் கம்பெனிக்குப் புகார் சொல்கிற எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "லிஃப்ட் ஓடல." ஓடவில்லை என்று தெரியாமலா பையைத் தூக்கிக்கொண்டு போகிறோம்? மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மாடியில நின்னுச்சு?" அதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் அறையில் முதல் கேள்வி என்ன?

பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது. அம்மாவைப் பதினாறாம் வாய்ப்பாட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்று இருக்கிறீர்களா?

அந்த அறை நூலகத்தின் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு மேசைகள். ஒவ்வொன்றிலும் பாடத்தின் பெயர் எழுதிய ஓர் அட்டை. அந்தப் பாடத்தில் முன்பு நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். என் மேசையில் இருப்பது மூன்றாம் வருஷத்து அக்கா. காதில் தோளைத் தொடுகிற வளையம், அதனால் அவர் எனக்கு வளையக்கா.

முதல் கேள்வி, "என்ன புரியல?" நான் சொல்வது, "எதுவுமே புரியலக்கா." உடனே என் நோட்டைத் தன் பக்கம் இழுத்து எழுத ஆரம்பித்துவிடுவார். எழுதுகிற வேகத்தில் வளையம் ஆடும். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான்கு கணக்கு முடிவதற்குள் நேரம் முடிந்துவிடும். "புரிஞ்சுதா?" என்பார். புரிந்துவிடும். போன அசைன்மென்டில் இருபதுக்குப் பதினெட்டு.

அதனால் கவலைப்படாதீர்கள்.

உங்கள்
சுண்டெலி

*

ஆகஸ்ட் 25

சுண்டெலிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். தைலம் தேய்த்தேன், அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து அறைக்குக் குடிபோய்விட்டாள். உன் பதினெட்டைக் காலண்டரில் எழுதி வட்டமும் போட்டிருக்கிறாள். என் மாத்திரை தீருகிற தேதி என்று நினைத்து நான் மருந்துக்கடை வரை போய்விட்டு வந்தேன்.

இன்னும் சில சந்தேகங்கள். சொல்லிக்கொடுப்பவரைவிட வயதில் மூத்த ஆள் வந்து உட்கார்ந்தால் சிரிப்பார்களா? ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை கேட்டால் முகம் சுளிப்பார்களா? மூன்றாம் தடவை? சொல்லிக்கொடுப்பவருக்கும் கேட்பவருக்கும் ஏற்கெனவே ஆகாது என்றால் என்ன செய்வார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

என்னோடு வேலை செய்கிற ஆறடியை உனக்குத் தெரியும். யார் பெரிய மெக்கானிக் என்று எனக்கும் அவனுக்கும் இருபது வருஷமாக வழக்கு நடக்கிறது. இப்போது தினமும் சாயங்காலம் நம் வீட்டுக்கு வருகிறான். பேசிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்.

அப்பா

அம்மா எழுதுவது: உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு. உன் அப்பா சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து தாள் தாளாக எழுதிக் கிழிக்கிறார். என்ன என்று கேட்டால் லீவு லெட்டராம். இத்தனை லீவு எந்தக் கம்பெனியில் கொடுக்கிறார்கள்?

*

செப்டம்பர் 5

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம். இங்கே மழை. துணிதான் காய மாட்டேன் என்கிறது.

வயதில் மூத்தவர்கள் இரண்டு பேர் அறைக்கு வருகிறார்கள். ஒருவருக்குப் பாதித் தலை நரை. யாரும் சிரிப்பதில்லை. இரண்டாம் தடவை கேட்டால் முகம் சுளிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

ஆறடி மாமா நம் வீட்டுக்கா? நீங்கள் இருவரும் ஒரே லிஃப்டில்கூட ஏற மாட்டீர்களே.

பதினைந்தாம் தேதி வகுப்புத் தேர்வு. டிசம்பருக்கு இது ஒத்திகை. முடிந்ததும் எழுதுகிறேன்.

சுண்டெலி

*

செப்டம்பர் 30

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். பதினெட்டாம் தேதி ஒரு கடிதம் போட்டேன், வந்திருக்கும். போனில் அம்மாவிடம் தலைவலி என்றாயாம். மூன்று தடவையும் தலைவலியாமே. கண்ணாடி போட வேண்டியிருக்குமோ என்று அம்மா கேட்கிறாள்.

இங்கே நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அலுவலகக் கட்டடம். லிஃப்ட் நின்றுவிட்டது என்று தகவல் வந்து ஆறடியோடு போனேன். மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை என்றார்கள். கதவைத் திறந்தால், வேர்த்து ஊற்றி ஒருவர் நிற்கிறார். அந்தக் கட்டடத்தின் மேனேஜர். நாற்பது நிமிஷமாக உள்ளே நின்றிருக்கிறார். பக்கத்திலேயே கட்டைவிரல் அளவுக்கு அலாரம் பொத்தான்.

"ஏன் சார், அழுத்தலையா?" என்று கேட்டேன்.

"சத்தம் வருமே," என்றார்.

முந்தின வாரம்தான் லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று கையெழுத்துப் போட்டவர் அவர். பாவம். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். நானும் சிரிக்கவில்லை, ஆறடியும் சிரிக்கவில்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. எழுதத் தோன்றியது, எழுதினேன்.

அப்பா

*

அக்டோபர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் என்று எழுதி இரண்டு தடவை அடித்துவிட்டேன். உடம்பு நலம்தான்.

சத்தம் வருமே என்றுதான் நானும் இருந்தேன். தேர்வில் இருபதுக்கு நான்கு.

கேள்வித்தாளைப் பார்த்தால் எல்லாமே பழகிய முகம். வளையக்கா போட்டுக்காட்டிய கணக்குகள்தான். முதல் வரி எழுதினேன். இரண்டாவதும் வந்தது. அதற்கு மேல் அவருடைய வளையம் ஆடியதுதான் ஞாபகம் வந்தது, கணக்கு வரவில்லை. விடுதி அறைக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். நாற்பத்தோரு பக்கம். ஒரு பக்கத்தில்கூட என் கையெழுத்து இல்லை. அசைன்மென்டின் பதினெட்டும் அதைப் பார்த்து எழுதியதுதான். அவர் "புரிஞ்சுதா?" என்று கேட்டபோதெல்லாம் நான் ஆட்டியது தலையை மட்டும்தான்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குப் போகவில்லை. அவ்வளவு நேரம் செலவழித்தாரே, எந்த முகத்தோடு போவது? தெரிந்தே ஏமாற்றவில்லை அப்பா. ஆட்டும்போது புரிந்த மாதிரிதான் இருந்தது.

டிசம்பர் தேர்வை எழுதுவதா, இப்போதே வேறு துறை கேட்டு விண்ணப்பிப்பதா என்று யோசிக்கிறேன். அம்மாவிடம் காலண்டர் வட்டத்தை அழிக்கச் சொல்லுங்கள்.

சுண்டெலி

*

அக்டோபர் 22

என் சுண்டெலிக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. இன்றே பதில் எழுதுகிறேன். முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி. கம்பெனியில் பழைய லிஃப்டுகளை எடுத்துவிட்டுப் புது மாதிரி போடுகிறார்கள். எல்லாம் எலக்ட்ரானிக் போர்டு. அதில் கை வைக்க வேண்டுமானால் மெக்கானிக்குகள் எல்லாரும் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். தேறாதவனுக்குக் குடோனில் நட்டு, போல்ட் பிரித்து வைக்கிற வேலை. ஜூலையில் நான் எழுதினேன். நாற்பதுக்குப் பதினொன்று. இருபத்துநான்கு எடுத்தால்தான் பாஸ். அந்தத் தாளை எங்கே வைத்திருக்கிறேன் தெரியுமா? ஸ்பானர் பெட்டியின் அடித்தட்டில், துணி சுற்றி. திருட்டுப் பொருளை இவ்வளவு பத்திரமாக எவனும் வைத்திருக்க மாட்டான்.

ஆறடி முதல் தடவையே தேறிவிட்டான். அவனிடம் கேட்பதைவிடக் கயிறில்லாத லிஃப்டில் ஏறலாம் என்று இருந்தேன். அவனாகவே வந்து வாசலில் நின்றான். "நீ குடோனுக்குப் போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடுறது?" என்றான். அன்றிலிருந்து சொல்லிக்கொடுக்கிறான். பென்சில் அவன் கையில். லிஃப்டின் வயரிங் படத்தை அவன் போடுவான். "புரியுதாடா?" என்பான். நான் என்ன செய்வேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்முடையது தலையாட்டி வம்சம், கண்ணு. உன்மேல் குற்றமில்லை, கழுத்து அப்படி அமைந்துவிட்டது.

அம்மாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன். "பேப்பர் கிழிக்கும்போதே தெரியும்," என்றாள்.

ஆகஸ்டிலிருந்து நான் கேட்ட சந்தேகமெல்லாம் எனக்காகத்தான். டிசம்பரில் எனக்கும் மறுதேர்வு. இப்போது ஓர் உதவி வேண்டும். நீ வளையக்காவின் மேசைக்குப் போக வேண்டாம். அறைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார். அங்கே வருகிறவர்களில் யாருக்கு உருப்படியாகப் பலன் கிடைக்கிறது, அவர்கள் அப்படி என்ன செய்கிறார்கள் என்று உளவு பார்த்து எழுது. இங்கே எனக்குக் கேட்க ஆள் இல்லை. ஆறடிக்கும் ஆட்டுகிற தலைதான் பிடித்திருக்கிறது.

உன்னை நம்பியிருக்கும்
அப்பா

*

நவம்பர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இந்தத் தடவை அடிக்கவில்லை. உங்கள் தாளை ஸ்பானர் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள், எண்ணெய் பட்டுவிடும்.

உளவு அறிக்கை. ஜன்னலோர மேசைக்கு ஒரு பெண் வருகிறாள், என் வகுப்புதான். பேசவே மாட்டாள், ஆனால் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது. மூன்று நாள் பார்த்தேன். வரும்போதே ஒரு தாள் கொண்டுவருகிறாள். கணக்கை அவளே தப்பும் தவறுமாகப் போட்டு, எந்த வரியில் நின்றுபோனதோ அதற்கடியில் கோடு கிழித்திருக்கிறாள். "இதுவரைக்கும் வந்தேன், இங்கதான் நிக்குது," என்கிறாள். அப்பா, அது உங்கள் முதல் கேள்வி. கேட்கும் முன்பே பதிலோடு வருகிறாள். பேனாவைக் கையிலிருந்து விடுவதில்லை. சொல்லிக்கொடுப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் இவள் ஒரு வரி எழுதுகிறாள். எழுந்து போவதற்கு முன்னால், கற்றதை அவரிடமே திருப்பிச் சொல்லிக்காட்டுகிறாள். தடுமாறினால் மறுபடி உட்காருகிறாள். சந்தேகம் இல்லாத நாளிலும் வருகிறாள்.

நான்காம் நாள் என்னையறியாமல் வளையக்காவின் மேசைக்குப் போய்விட்டேன். நாலு மார்க்கைச் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "நீ தலையாட்டினதைப் பார்த்து நான் ரொம்ப நல்லாச் சொல்லிக்கொடுக்கிறேன்னு நெனச்சுட்டேன்டி," என்றார். அப்புறம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பேனாவைப் பிடுங்காமல் இருக்க அது ஒன்றுதான் வழியாம்.

நான் எப்போதும் நிற்பது மூன்றாவது வரியில். ஒன்றுக்குள் ஒன்று பொதிந்திருக்கும் கணக்கு. வெளியே இருப்பது மாறுகிற வேகத்தையும் உள்ளே இருப்பது மாறுகிற வேகத்தையும் பெருக்க வேண்டும். நான் உள்ளேயிருப்பதை விட்டுவிடுவேன். "ஏன் பெருக்கணும் அக்கா?" என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். "தெரியலடி. பெருக்குவோம்," என்றார். இருபது நிமிஷம் இருவரும் புத்தகத்தைப் புரட்டித் தேடினோம்.

சின்ன வயதில் உங்களோடு மோட்டார் அறைக்கு வந்தது அப்போது ஞாபகம் வந்தது. மோட்டார் முப்பது சுற்று சுற்றினால் கப்பி ஒரு சுற்று. கப்பி ஒரு சுற்று சுற்றினால் கயிறு இரண்டு மீட்டர். அப்படியானால் மோட்டாரின் ஒரு சுற்றுக்குக் கயிறு எவ்வளவு? பெருக்கித்தானே ஆக வேண்டும்! வளையக்காவுக்குப் படம் போட்டுக் காட்டினேன். அவர் கையை வெளியே எடுத்து அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வேறு துறைக்கு விண்ணப்பிக்கவில்லை.

உங்கள் உளவாளி
சுண்டெலி

*

நவம்பர் 17

உளவாளிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் அறிக்கையை நான்கு தடவை படித்தேன். முப்பது வருஷமாக அதைப் பல்சக்கரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது கணிதம் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் பயந்து வேலையை விட்டிருப்பேன்.

ஆறடியைக் கைமேல் உட்காரச் சொன்னேன். அவன் கையின் நீளத்துக்கு அது நடக்கவில்லை. உட்கார்ந்தபடியே பென்சிலை எட்டிப் பிடித்துவிட்டான். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். இரண்டு டம்ளர் நிறையச் சூடான டீயை அவனுடைய இரண்டு கையிலும் கொடுத்தாள். "ஆறுற வரைக்கும் கீழ வைக்கக் கூடாது," என்றாள். வைக்க இடமும் கொடுக்கவில்லை, மேசை முழுக்கத் தாளைப் பரப்பிவிட்டாள்.

பென்சில் என் கைக்கு வந்தது. கேள்வி இதுதான்: கதவு மூடினால் எந்த ரிலே சுவிட்ச் இழுக்கும்? நான் எழுதினேன். தப்பு. அடுத்ததும் தப்பு. எல்லாமே தலைகீழ். ஆறடி டீயைப் பிடித்துக்கொண்டு தவித்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டான்: "டேய், இந்தப் படத்துல லிஃப்ட் ஓடுதா, நிக்குதா?"

"ஓடுது," என்றேன்.

"எவன்டா சொன்னான்?"

யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. இந்த மாதிரிப் படங்களில் வரைந்திருப்பது கரண்ட் இல்லாமல் சும்மா நிற்கிற லிஃப்டை. லிஃப்ட் என்றால் ஓட வேண்டும் என்பது என் புத்தியில் அப்படி ஊறியிருக்கிறது; காகிதத்திலும் ஓட்டிவிட்டேன். திறந்திருப்பதை மூடியதாகவும் மூடியதைத் திறந்ததாகவும் படித்ததில்தான் அத்தனை மார்க்கும் போனது. ஆறடி மூன்று மாதம் படம் போட்டும் இது அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டீயைக் கையில் கொடுத்த அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அவன் இப்போது வீட்டுக்குள் வரும்போதே கையை நீட்டிக்கொண்டு வருகிறான். டீ நல்லா இருக்காம்.

உன் தேர்வுக்கு இன்னும் முப்பது நாள். கவனம்.

அப்பா

*

ஜனவரி 6

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம். காலையில் போனில் "பாஸ்" என்று சொன்னதுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டதால் மீதி இங்கே.

ஐம்பத்தெட்டு. பெரிய மார்க் இல்லை. ஆனால் ஐம்பத்தெட்டும் என்னுடையது. ஓரிடத்தில் மூன்றாவது வரியில் நின்றேன். பேனாவை வைத்துவிட்டு மோட்டார் அறையை நினைத்தேன். நகர்ந்துவிட்டது. என் துறையிலேயே இருக்கிறேன்.

வளையக்காவுக்கு இது கடைசிப் பருவம், மேசையை விடுகிறார். அவருடைய மேசையில் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வாங்கியவள் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டேன். "நின்னுபோன இடம் உனக்குத்தான் நல்லாத் தெரியும்," என்றார் வளையக்கா. பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை ஆரம்பம்.

உங்கள் முடிவு வந்துவிட்டதா? போனில் கேட்டேன், நீங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள்.

சுண்டெலி

*

ஜனவரி 8

என் சுண்டெலிக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்துமூன்று. ஒரு மார்க்கில் போய்விட்டது. இங்கே எல்லாரும் நலம் என்பது இரண்டாவது வரி.

உன் பாஸ் வந்த அன்றைக்கே இதுவும் வந்தது. உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இரண்டு நாள் மறைத்தேன். போன தடவை மூன்று மாதம் மறைத்தவன் இரண்டு நாளுக்கு இறங்கியிருக்கிறேன். இதற்குத் தனியாக மார்க் போட வேண்டும். மார்ச்சில் இன்னொரு தடவை எழுதலாம். அதுதான் கடைசி. அதற்கப்புறம் குடோன்.

படக் கேள்விகளில் ஒரு மார்க்கூடப் போகவில்லை. போனதில் பாதிக்கு மேல் ஐந்தாம் கேள்வியில். மாடியின் எண்ணைப் பூஜ்யமும் ஒன்றும் மட்டும் வைத்து எழுத வேண்டுமாம், போர்டு அப்படித்தான் படிக்குமாம். ஆறடியைக் கேட்டேன். அவனும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுத்தான் பாஸ் பண்ணினானாம். ஆறு மாதம் கழித்து வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிறான்.

உன் மேசைக்கு வெளியூர் ஆள் வரலாமா? வயது ஐம்பத்திரண்டு. ஒரு தாள் இணைத்திருக்கிறேன்.

அப்பா

இணைப்பு: ஐந்தாம் கேள்வி ஓடவில்லை. வந்து பார்க்கவும்.

*

ஜனவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு என் அன்பு. ஆறடி மாமாவுக்கும் சொல்லுங்கள். அவரும் ஐந்தாம் கேள்விக்கு உங்களோடு உட்காரட்டும். அம்மா இரண்டு பேருக்கும் டீ கொடுக்க வேண்டாம், பென்சில் கொடுக்கட்டும்.

திங்கட்கிழமை நான் மேசையில் அட்டையை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. விடுதிக்குத் திரும்பினால் உங்கள் தாள். என் மேசைக்கு வந்த முதல் ஆள் நீங்கள்தான்.

அதில் நான் ஒன்றும் எழுதவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கீழே இடம் நிறைய இருக்கிறது. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, வருகிற வரைக்கும் போட்டு, அதற்கடியில் ஒரு கோடு கிழித்து அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை முடித்ததும் என் இரண்டு கையின்மேலும் உட்காரப் போகிறேன்.

உட்காருங்கப்பா. சொல்லுங்க. எந்த மாடியில நின்னுச்சு?

சுண்டெலி